பொருள் மூன்று

கேள்வி: எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லாமல், கேட்கிறவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்து வாழ்கிறேன். போன மாதம் பிரெயில் எழுத்து, இந்த மாதம் சரக்குப் பெட்டகம், அடுத்தது தேனீ. ஒரே பொருளில் ஊன்றி நிற்காமல் இப்படித் தாவிக்கொண்டே இருந்தால், எதிலும் ஆழமில்லாத ஆளாகிவிட மாட்டேனா? (ஒரு வாசகி)

பதில்: 'பொருள்' என்றீர்களே, நான் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். எடுத்துக்கொண்ட விஷயமும் பொருள், சொல்லுக்குள் இருக்கும் அர்த்தமும் பொருள், கைக்கு வரும் காசும் பொருள். மூன்றையும் ஒரே முடிச்சில் வைத்திருக்கிறது தமிழ். உங்கள் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. முதல் பொருளை யாரோ உங்களிடம் கொடுக்கிறார்கள். இரண்டாவதை நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டும். மூன்றாவது வந்து சேர வேண்டும். அதில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு, அப்புறம் சொல்கிறேன்.

பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலையே எடுத்துக்கொள்வோம். லூயி பிரெயில் மூன்று வயதில், அப்பாவின் சேணப் பட்டறையில் குத்தூசியால் கண்ணைக் குத்திக்கொண்டார் என்று எழுதிவிட்டுப் பலர் அங்கேயே உருகி நின்றுவிடுவார்கள். இன்னும் ஒரு நாள் உட்கார்ந்து படித்தால் சார்ல் பார்பியே என்பவர் வருவார். தடவிப் படிக்கும் எழுத்துமுறை ஒன்றை அவர் முன்பே செய்திருந்தார். ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருக்கும். விரல்நுனிக்கு அது பெரிது, மேலும் கீழும் நகர்த்தித் தேட வேண்டும். பிரெயில் அதை ஆறாகக் குறைத்தார், 1824இல், பதினைந்து வயதில். ஆறு புள்ளிகள் ஒரு தொடுதலுக்குள் அடங்கிவிடும். எழுத்தின் அளவை விரல்தான் முடிவு செய்தது.

இப்போது சரக்குப் பெட்டகம், அதாவது கன்டெய்னர். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டகங்களோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியதைப் பெட்டகப் போக்குவரத்தின் தொடக்கம் என்று எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் ஆரம்பத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் அளவு வைத்திருந்தது. இருபது அடி, நாற்பது அடி என்று நீளம் பொதுவாகி, எட்டு மூலைகளிலும் ஒரே மாதிரித் துளைகள் வந்த பிறகுதான் எந்தத் துறைமுகத்துப் பாரந்தூக்கியும் எந்தப் பெட்டகத்தையும் பிடிக்க முடிந்தது. அங்கே விரல், இங்கே பாரந்தூக்கியின் பிடி. பிரெயிலோடு வாழ்நாளைக் கழித்தவருக்கு இந்த ஒற்றுமை தோன்ற வாய்ப்புக் குறைவு, துறைமுகத்திலேயே நரைத்தவருக்கும் அப்படித்தான். அடுத்தடுத்த மாதங்களில் இரண்டையும் எழுதிய உங்களுக்குத் தோன்றும். உங்கள் ஆழம் அங்கே இருக்கிறது. கண்ணில் பட்ட முதல் பக்கத்தைப் பார்த்து எழுதுகிறவர் இருபது வருடம் ஒரே பொருளை எழுதினாலும் மேம்போக்குதான்.

சரி, மூன்றாவது பொருள். எழுதுகிறவருக்குத் தரும் பணத்தைப் பத்திரிகை உலகம் 'சன்மானம்' என்கிறது. எனக்கு அந்தச் சொல்லே ஆகாது. சன்மானம் என்றால் மரியாதை செய்து கொடுப்பது, கொடுப்பவர் மனம் குளிர்ந்து தருவது. மனம் குளிர்கிற வரை எழுத்தாளர் காத்திருக்க வேண்டுமா? தச்சருக்கும் கொத்தனாருக்கும் யாராவது சன்மானம் தருகிறார்களா? கூலி என்று சொல்லுங்கள். கூலி என்றால் நாள் தவறக் கூடாது, கேட்டு வாங்குவதில் கூச்சமும் இருக்காது. கட்டுரையை ஏற்றுக்கொண்ட அன்றே பணம் போய்விட வேண்டும். அச்சாகட்டும் பார்க்கலாம் என்று இழுப்பது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. மாதம் ஒரு புதுப் பொருளைப் படிக்க உங்களுக்கு எத்தனை நாள் போகிறது! அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கூலி. இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன், சொல்லிச் சிலரோடு பேச்சுவார்த்தையும் நின்றிருக்கிறது.

தேனீக்கு வருகிறேன். பூக்கள் இருக்கும் திசையை மற்ற தேனீக்களுக்குச் சொல்ல அவை ஆடும் நடனத்தைப் படித்துச் சொன்ன கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் கிடைத்தது, அது எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். செங்குத்தான தேனடையில், நேர் மேலிருந்து எந்தக் கோணத்தில் தேனீ ஓடுகிறதோ, சூரியனிலிருந்து அதே கோணத்தில் பூக்கள் இருக்கின்றன என்பதும் இருக்கும். நீங்கள் கூட்டுக்குள் இருக்கும் இருட்டை எழுதுங்கள். ஆடுகிற தேனீயை மற்றவை கண்ணால் பார்ப்பதில்லை. ஒட்டி நின்று, உணர்கொம்பால் தொட்டுத் தொட்டுத்தான் சேதியைப் படிக்கின்றன. பிரெயிலை எழுதி முடித்த கையோடு அங்கே போகிறீர்கள். அந்தக் கட்டுரையை இன்னும் யாருக்கும் தரவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள்.