குதிகால் நாண் வலி: ஓட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, மாரத்தானுக்குத் தயாராகிறேன். காலையில் எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே விண்ணென்று வலிக்கிறது. கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடுகிறது. நரம்பு இழுத்துக்கொண்டதா?

பதில்: நாம் எல்லோரும் அதை நரம்பு என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது தசைநாண். கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் கயிறு. கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் அதைக் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். குதிகாலுக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே வலிக்கிறதா? மற்றக் காலைவிடத் தடிப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் நாண்தான். ஓடும்போது உங்கள் எடையைப்போல 6 முதல் 8 மடங்கு சுமையை அது தாங்குகிறது. போன மாதம் தூரத்தையோ வேகத்தையோ சட்டென்று கூட்டினீர்களா? பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: மூன்று வாரம் ஓடாமல் இருந்தேன், வலி போய்விட்டது. ஓடத் தொடங்கிய இரண்டாம் நாளே திரும்பிவிட்டதே!

பதில்: வெறும் ஓய்வில் வலி அடங்கும், நாண் வலுப்படாது. மாதக்கணக்கில் ஓய்வெடுத்துவிட்டு மனம் உடைந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு வருத்தமாக இருக்கும். நாணுக்குச் சுமை வேண்டும், அளவாக வேண்டும்.

1998இல் ஸ்வீடனில் ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சன் என்ற மருத்துவரின் குழு, நாள்பட்ட வலியுள்ள 15 ஓட்டக்காரர்களுக்கு ஒரே பயிற்சியை 12 வாரம் கொடுத்தது. 15 பேரும் திரும்ப ஓடினார்கள். இதற்கு மாடிப்படி ஒன்று போதும். முன்பாதம் மட்டும் படியின் விளிம்பில் இருக்கட்டும். நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலுக்கு எடையை மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்குங்கள். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி இன்னும் மூன்று சுற்று. காலையும் மாலையும். வலியில்லாமல் செய்ய முடிந்ததும் முதுகுப்பையில் எடை சேருங்கள். செய்யும்போது சிறிது வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் கூடியிருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாலிபால் ஆடுகிறேன், வயது 19. ஜிம்முக்குப் போய்த் தொடை நன்றாக ஏறியிருக்கிறது. ஆனால் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி.

பதில்: தம்பி, சில்லுக்குக் கீழே இருப்பதும் ஒரு தசைநாண்தான். சதை சில வாரங்களில் ஏறிவிடும். நாண் மாதக்கணக்கில் பின்தங்கி வரும். 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பனை வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணின் வயதைக் கணக்கிட்டார்கள். அதன் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது! கடும் பயிற்சிக்குப் பிறகு முதல் ஒன்றரை நாள் நாணில் கட்டுவதைவிடச் சிதைவதே அதிகம். அதனால் குதிக்கும் பயிற்சியைத் தினமும் வைக்காதே, ஒருநாள் விட்டு ஒருநாள் வை.

கேள்வி: ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: சில வாரம் சுகம் தரும், அப்புறம் நிலைமை மோசமாகலாம், நாண் அறுந்தும் போகலாம். குதிகால் நாணில் நான் பரிந்துரைக்கமாட்டேன். நாணைப் பாதிக்கக்கூடிய சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுத்தால், நாண் வலி இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோலப் பட்டென்று கேட்டு, அந்தக் காலில் நுனிவிரலில் நிற்க முடியாமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.