அம்மா வாங்கிய மெமோக்கள்

அன்புள்ள ஐயா,

என் அம்மா அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர். அவரது மறதி வீட்டில் எங்களுக்குத் தெரியவந்தது 53 வயதில். அல்சைமர் என்று உறுதியாக மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. சென்ற ஆண்டு, 61 வயதில் காலமானார். முதலாண்டு நினைவு மலர் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். பணியின் கடைசி ஆண்டுகளில் கவனக்குறைவுக்காக அம்மா இரண்டு மெமோக்கள் வாங்கினார். நல்லவேளை, பெரிய தண்டனை வருமுன் விருப்ப ஓய்வில் வந்துவிட்டார். மலரில் அதையெல்லாம் விட்டுவிடப் போகிறேன். இத்தனை பேரைப் பார்த்துக்கொண்டவருக்கு இந்த நோயா என்று உறவினர்கள் கர்மவினையைப் பேசுகிறார்கள். எனக்கும் இது வருமா, மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

கர்மவினைக்குப் பதில் சொல்லி உங்கள் நேரத்தையும் என் நேரத்தையும் வீணாக்க மாட்டேன். மரபணுவைப் பொறுத்தவரை, இளவயதில் இந்நோய் கண்டவர்களிலும் சிலருக்கு மட்டுமே அது ஒற்றை மரபணு மாற்றத்தால் வருகிறது. அப்படிப்பட்ட குடும்பங்களில் தலைமுறைதோறும் சிலர் இளவயதிலேயே நினைவிழந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. பாட்டி, தாத்தா, மாமன்மார் பற்றி விசாரித்துக்கொண்டு ஒரு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். சோதனையைப் பற்றி முடிவெடுப்பது அதற்குப் பிறகு.

என்னை எழுத வைத்தது அந்த மெமோக்கள்தான். நான் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில், ஐம்பதைத் தாண்டிய காசாளர் ஒருவருக்கு மாலையில் கணக்கு நேராகாமல் போகத் தொடங்கியது. பணம் குறைந்த நாளும் உண்டு, கூடுதலாக இருந்த நாளும் உண்டு. கூடுதலாக இருந்த நாட்களை எல்லோரும் மறந்தார்கள். திருட்டுச் சந்தேகத்தின் நிழலோடு அவரை வெளியூருக்கு மாற்றினார்கள். தன் வீட்டுக்குப் போகும் வழியை அவர் தேடி நின்ற பிறகே நரம்பியல் மருத்துவர் ஒருவர் அவரைப் பரிசோதித்தார். சில மாதங்களாக அவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு உங்கள் கடிதம் வந்தது.

இந்நோய் மருத்துவ நூலில் ஏறிய கதையும் இத்தகையதே. 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபுர்ட் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவுகுஸ்டே டேட்டருக்கு வயது 51. ரயில்வே எழுத்தரின் மனைவி, ஒரு பெண்ணுக்குத் தாய். பெயரைக் கேட்டபோது அவுகுஸ்டே என்றார். கணவர் பெயரைக் கேட்டபோதும் அவுகுஸ்டே என்றே சொன்னார். ஆனால் அவரைப் பரிசோதித்த மருத்துவர் அல்சைமர் (அவர் பெயர்தான் பின்னர் நோய்க்கு வந்தது) 1907இல் அச்சிட்ட குறிப்பில் முதல் அறிகுறியாகச் சொல்லியிருப்பது மறதியை அன்று, கணவர் மேல் அந்த அம்மாளுக்கு ஏற்பட்ட சந்தேகத்தை. சமையலிலும் தவறுகள் நேர்ந்தன. அக்கம்பக்கத்தார் அதைக் குணக்கேடு என்றும் பொறுப்பின்மை என்றும்தானே பேசியிருப்பார்கள்?

உங்கள் அம்மாவின் வேலையை நினைத்துப் பாருங்கள். நரம்பு தேடி ஊசி ஏற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது போன்ற கைப்பழக்கங்களை இந்நோய் பொதுவாக வெகுநாள் தொடுவதில்லை. முதலில் பறிபோவது அண்மையில் நடந்ததன் நினைவு. எட்டு மணி மருந்தைக் கொடுத்தோமா, கேஸ் ஷீட்டில் கையெழுத்திட்டோமா, ஷிஃப்ட் மாறும்போது எந்தக் கட்டில் நோயாளியைப் பற்றி என்ன சொன்னோம் என்பவையெல்லாம் அதில் அடங்கும். கை தேர்ந்தவராகவே தெரியும் ஒருவர் இவற்றில் தவறும்போது, பார்க்கிறவர்களுக்கு அது அலட்சியமாகத்தான் படும். அறிகுறி தலைகாட்டுவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்பே மூளையில் புரதப் படிவுகள் சேரத் தொடங்கிவிடுகின்றன. எனவே அரசு ஊழியருக்குச் சிறு தண்டனை விதிக்கத் தரும் 17(அ) குறிப்பாணையை, அதாவது அந்த மெமோவை, அம்மா கையெழுத்திட்டு வாங்கிய அன்றே அவர் நோயாளியாக இருந்திருக்கிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அத்தனை மருத்துவர்கள் நடமாடும் கட்டடத்தில், முப்பது ஆண்டு தவறாதவர் இப்போது ஏன் தவறுகிறார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நீங்களோ ‘நல்லவேளை’ என்று எழுதுகிறீர்கள். என்ன நல்லவேளை? பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகிவிட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, அந்த வேலை முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபதாம் பிரிவில் சொல்கிறது. நினைவைக் கெடுத்து அன்றாடம் இயங்க முடியாமல் செய்யும் கோளாறுகளும் அதன் அட்டவணையில் உண்டு. மருந்து கொடுக்கும் பொறுப்பில் அவரை வைத்திருக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நோயாளிகளின் உயிர் சாதாரணமானதன்று. ஆனால் பரிசோதனையும் சான்றிதழும் மாற்றுப் பணியும் கிடைத்திருக்க வேண்டியவர், வெட்கத்தோடு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அந்த வெட்கத்தை இப்போது நீங்களும் சேர்ந்து மறைக்கப் பார்ப்பதுதான் எனக்குக் கோபம் தருகிறது. தியாகத் திருவுருவம் என்று பத்துப் பக்கம் புகழ்ந்தாலும், அவர் அதிகம் அஞ்சி வாழ்ந்த ஆண்டுகள் அதில் இல்லாமல் போகும்.

மெமோக்களின் தேதிகளையும் நோய் உறுதியான தேதியையும் ஒரே பக்கத்தில் போடுங்கள் அம்மா. அச்சகத்துக்கு அனுப்புமுன், அவரோடு நைட் டூட்டி பார்த்த சிஸ்டர்களைத் தேடிப் பேசுங்கள். அவர் விட்ட கையெழுத்தைச் சத்தமின்றி நினைவூட்டியவர்களும், அவர் எடுத்து வைத்த மருந்தை இன்னொரு முறை சரிபார்த்தவர்களும் அவர்களில் கட்டாயம் இருப்பார்கள். எந்த ஆண்டிலிருந்து அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்று கேளுங்கள்.

அன்புடன்.