அமெரிக்காவுல கிராமப்புற கவுண்டியில நடக்கிற ஊர் மீட்டிங், கோடை விழாவுக்கெல்லாம் நம்மாளுங்க போகலாமா?

கேள்வி கேட்டவங்க ஜூன் மாசம் அயோவாவுல ஒரு சின்ன ஊருக்கு குடி போறாங்களாம், ஊர் நோட்டீஸ்ல வரிசையா மீட்டிங், பரேடு, ஃபேர் (கண்காட்சித் திருவிழா)னு போட்டிருக்கு, நாம போய் நின்னா ஒரு மாதிரி பாப்பாங்களான்னு கேட்டிருக்காங்க. ஏன் அங்க போறீங்கன்னு நீங்க சொல்லல, ஆனா எனக்கு தெரியும். வீட்டுல ஒருத்தர் டாக்டர். ஜே-1 விசாவுல ரெசிடென்சி (டாக்டர் பயிற்சி) முடிச்சவங்க ரெண்டு வருஷம் சொந்த நாட்டுக்கு திரும்பிப் போகணும்ங்கிறது விதி, அப்படிப் போகாம இங்கயே இருக்கணும்னா டாக்டர் பஞ்சம் உள்ள இடத்துல 3 வருஷம் வேலை பாக்கணும், ஸ்டேட்டுக்கு வருஷத்துக்கு 30 பேருக்குதான் அந்த சலுகை. மத்தபடி எந்த தமிழனும் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவுல தானா போய் வீடு பாக்க மாட்டான். டாக்டர் நீங்க இல்லன்னா, என்னை மாதிரி எச்-4ல (வேலை விசாக்காரரோட துணைக்கு கொடுக்கிற விசா) வீட்டுல உக்காரப் போற ஆளு நீங்கதான். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நேரா பதில்: போங்க. எல்லாத்துக்கும் போங்க. ஆனா மீட்டிங்ல வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி என் கதையைப் படிச்சிட்டு போங்க.

எனக்கு சொந்த ஊர் பணகுடி பக்கம். தெரிஞ்சவங்களுக்கு தெரியும், ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்து, முப்பந்தல்ல ஆரம்பிச்சு கண்ணுக்கெட்டின வரைக்கும் கரண்டு எடுக்கிற காத்தாடி. நான் ஸ்கூல் படிக்கும்போது 90கள்ல ஒண்ணொண்ணா வந்து நின்னுச்சு. அங்க இருந்து சென்னை, அங்க இருந்து அமெரிக்கா, கடைசியில பொண்டாட்டி வேலைக்காக அயோவாவுல வந்து இறங்கினா வீட்டு ஜன்னலைத் திறந்ததும் காத்தாடி! ஸ்டேட்டு கரண்டுல பாதிக்கு மேல காத்துலதான் வருது. அம்மாவுக்கு வீடியோ கால்ல காமிச்சேன், "இதப் பாக்கவா மக்கா இம்புட்டு தூரம் போன"ன்னாங்க.

மீட்டிங் விஷயத்துக்கு வரேன். கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி, அதை நடத்துறது சூப்பர்வைசர் போர்டு. கம்பெனி சூப்பர்வைசர்னு நினைச்சிராதீங்க, ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கிற ஆளுங்க, 3 பேர் இல்லன்னா 5 பேர். கவுண்டி தலைநகர்ல கோர்ட்டு கட்டடத்துல உக்காந்து ரோடு, பாலம், நில விவகாரம் எல்லாம் பாப்பாங்க. எங்க ஊர்ல வாரா வாரம் காலையில 9 மணிக்கு. அஜெண்டாவை குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி ஒட்டணும்னு அயோவா சட்டமே இருக்கு, மீட்டிங்ல என்ன பேசினாங்க, எந்த பில்லுக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு உள்ளூர் வாரப் பத்திரிகையில அச்சாகி வரும், ரோட்டுக்கு ஜல்லி வாங்கினது வரைக்கும். யார் வேணாலும் போய் உக்காரலாம், ஐடி கார்டு எல்லாம் கேக்க மாட்டாங்க. விசால இருந்துகிட்டு இதெல்லாம் தேவையான்னு கமெண்ட்ல வர்றவங்களுக்கு இப்பவே சொல்லிடுறேன், ஓட்டு போடுறதுதான் கூடாது, உக்காந்து கேக்குறதுக்கும் ரெண்டு வார்த்தை பேசுறதுக்கும் தடை இல்ல. எனக்கும் சட்டம் தெரியும், படிச்சிட்டுத்தான் போனேன்.

நாங்க போன ரெண்டாவது வருஷம் வசந்தத்துல ஒரு பெரிய சண்டை. காத்தாடியை வீட்டுல இருந்து எத்தனை அடி தள்ளி நிறுத்தணும்னு புது விதி போடப் போறாங்க. இங்க நிலத்தை விக்கிறதில்ல, கம்பெனிக்கு குத்தகைக்கு விடுவாங்க, வருஷா வருஷம் பணம் வரும். யார் காட்டுல நிக்குதோ அவனுக்கு பணம், பக்கத்து வீட்டுக்காரனுக்கு நிழலும் சத்தமும்தான். அண்ணன் தம்பிக்குள்ளயே பேச்சு இல்லாம போச்சு. சர்ச்சுல ஒரே பெஞ்சுல உக்காந்தவங்க எதிரெதிர் பெஞ்சுக்கு மாறிட்டாங்கன்னு சொன்னா பாத்துக்கோங்க.

என் மனைவி தெளிவா சொன்னா, "போங்க, கேளுங்க, பேசிராதீங்க. அங்க உக்காந்திருக்கிற அத்தனை பேரும் என் பேஷண்ட்ஸ்." உண்மைதான். 25 பெட் ஆஸ்பத்திரி, இவளையும் சேத்து மொத்தமே நாலு டாக்டர். இந்தப் பக்கத்து ஆளோட பிரஷரும் அந்தப் பக்கத்து ஆளோட சுகரும் இவ கையில.

நான் பேசாமதான் இருந்தேன், சத்தியமா. ஆனா ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி பேசுறாங்க, ஒருத்தர் கூட காத்தாடிக்கு அடியில வளந்ததில்ல, நான் வளந்திருக்கேன். ஒரு வருஷம் பத்து மாசமா வேலை இல்லாம, லைப்ரரியன் அம்மாவையும் பால் பாக்கெட் விக்கிற பையனையும் தவிர யார்கிட்டயும் முழுசா நாலு வரி பேசாம இருந்தவனுக்கு முன்னாடி மைக்கும் 3 நிமிஷமும் கொடுத்தா என்ன ஆகும்? கை தூக்கிட்டேன்.

சொல்ல நினைச்சது இதுதான். சத்தம் பழகிடும், நிழலும் பழகிடும். ஆனா எங்க தாத்தா ரெண்டு ஏக்கரை ஏக்கர் 15,000 ரூபாய்க்கு புரோக்கர்கிட்ட வித்தாரு, தேரி மாதிரி கிடந்த பூமி, யாரு வாங்குவான்னு வித்தாரு, அந்தப் பணம் ஒரு கல்யாணத்தோட முடிஞ்சு போச்சு, காத்தாடி இன்னும் சுத்துது. அதனால கையெழுத்து போடுறவங்க பேப்பரை ஒழுங்கா படிங்க, முக்கியமா அது பழசானப்புறம் யாரு கழட்டிட்டு போறது, அந்தச் செலவுக்கு முன்பணம் யாரு கட்டுறதுன்னு பாத்துக்கோங்க. அவ்வளவுதான். நல்ல பாயிண்ட்தானே?

நடந்தது வேற. என் பேரைச் சொல்லி அதை ரெண்டு தடவை எழுத்துக்கூட்டி, மனைவியோட பேரை மறைக்கிறேன்னு மறைச்சு, இந்தியா, அதுல தெக்கு, அதுல கடைசி, ரெண்டு மலைக்கு நடுவுல காத்துன்னு விளக்கி முடிக்கும்போது ரெண்டு நிமிஷம் போச்சு. காத்து எவ்வளவு பலமா அடிக்கும்னு சொல்ல வார்த்தை கிடைக்கல, வாயில வந்தது ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும். அதை அப்படியே இங்கிலீஷ்ல மாத்தி சொன்னேன், எங்க ஊர்ல ஜூலை மாசம் அரைக்கிற கல்லே பறக்கும்னு. பழமொழின்னு சொல்ல விட்டுப் போச்சு.

ஒரு செகண்டு நிசப்தம். அப்புறம் காத்தாடி வேணாம்ங்கிற கோஷ்டி கை தட்டுச்சு பாருங்க, கோர்ட்டு கூரை போயிருக்கும். அவங்களுக்கு விளங்கினது, இந்தியாவுல காத்தாடி கல்லை எறியுதுன்னு! நான் இல்ல இல்லன்னு ஆரம்பிக்கும்போது டைம் முடிஞ்சிருச்சுன்னு சேர்மன் மணி அடிச்சிட்டாரு. அந்த வாரப் பத்திரிகையில எனக்குன்னு ஒரு வரி வந்துச்சு, இந்தியாவுல காத்தாடிக்கு பக்கத்துல வளந்த ஒருத்தர் கல் பறந்த அனுபவத்தைப் பகிர்ந்தார்னு. ஊர்ல தமிழன் ஒரே குடும்பம், பேர் போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான். மனைவி நாலு நாள் எனக்கு காபி போடல, காபி நான்தான் தினமும் போடுறேன்ங்கிறது வேற விஷயம், அவ குடிக்கல. குத்தகைக்கு கையெழுத்து போட இருந்தவங்கள்ல ரெண்டு மூணு பேர் அப்பாயின்மென்ட்டை வேற டாக்டருக்கு மாத்திக்கிட்டாங்க. அது எனக்கு உண்மையிலேயே வலிச்சுது. இவ ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஓடுவா அந்த ஜனங்களுக்காக.

விதி பாஸ் ஆகணும்னா மூணு மீட்டிங்ல வாசிக்கணும். மத்த ரெண்டுக்கும் நான் போகல. தூரத்தைக் கூட்டி பாஸ் பண்ணிட்டாங்க. என்னாலதான்னு யாராவது சொன்னா சிரிப்பு வரும், அவங்க ஏற்கனவே முடிவு பண்ணிட்டுத்தான் உக்காந்திருந்தாங்க.

இப்ப கோடை. மே கடைசித் திங்கள் கல்லறையில ராணுவத்துல இருந்தவங்களுக்கு கொடி வச்சு மரியாதை, அதுக்கு தொப்பியை கழட்டிட்டு நில்லுங்க, போதும். ஜூன்ல தீயணைப்பு வண்டிக்காரங்க பேன்கேக் சுடுவாங்க. ஜூலை 4 பரேடுல டிராக்டர்ல இருந்து மிட்டாய் எறிவாங்க, பிள்ளைங்களுக்கு பை கொடுத்து விடுங்க, நாங்க முதல் வருஷம் தெரியாம வெறுங்கையோட போய் என் வேட்டி... சரி அது வேண்டாம். ஃப்ரீவில் டொனேஷன்னு சாப்பாட்டு போர்டு பாத்தா இலவசம்னு நினைச்சிராதீங்க, வாசல்ல ஒரு டப்பா இருக்கும், முடிஞ்சதைப் போடணும். நான் குடும்பத்தோட தின்னுட்டு தேங்க்யூ சொல்லிட்டு வந்தவன். ஜூலை கடைசி வாரம் ஸ்டேட்டுக்கு குறுக்க மேக்க இருந்து கிழக்க சைக்கிள் பயணம், 1973ல இருந்து நடக்குது, உங்க ஊர் வழியா வந்தா அன்னைக்கு கார் எடுக்காதீங்க. ஆகஸ்ட்ல டி மாயின்ஸ்ல ஸ்டேட் ஃபேர், வெண்ணெயில நிஜ சைஸ் மாடு செஞ்சு குளிர்பெட்டியில வச்சிருப்பாங்க, அது 1911ல இருந்து. அதுக்கு ஒரு தடவை போனா போதும்னு என் கருத்து, ஒரே கூட்டம்.

ஆனா கவுண்டி ஃபேரை விட்டுராதீங்க. இருக்கிறது 99 கவுண்டி, ஃபேர் நூத்துக்கு மேல, பெரும்பாலும் ஜூலையில. நம்ம ஊர் கோயில் கொடை மாதிரிதான், சாமி மட்டும் இல்ல. ஆட்டுக்கிடாவை குளிப்பாட்டி சீவி கூட்டிட்டு வர்ற பிள்ளைங்களைப் பாத்தா எனக்கு எங்கூர் ஞாபகம் வந்துரும், அங்கயும் கடைசியில அதே முடிவுதான், ஏலத்துல வித்ததும் பிள்ளைங்க ஆட்டைக் கட்டிப் பிடிச்சு அழும். வெஜிடேரியன்னா அந்தக் கொட்டகை பக்கம் கடைசி நாள் போகாதீங்க.

பிள்ளை நாலாங்கிளாஸ் வந்துட்டா ஃபோர்-எச்ல (பிள்ளைங்களுக்கான கிளப்) சேத்து விடுங்க, அவங்க செஞ்சதை ஃபேர்ல வைப்பாங்க. என் மக முறுக்கு சுட்டு கொண்டு போனா, ஆச்சிகிட்ட வீடியோல கேட்டு கேட்டு, உரல் வரைக்கும் தூக்கிட்டு போனா. ஜட்ஜ் எதிர்ல உக்கார வச்சு கேள்வி கேட்பாங்க, உன் இலக்கு என்ன, அடுத்த தடவை என்ன மாத்துவேன்னு. இவ "ஒண்ணும் மாத்த மாட்டேன், ஆச்சி இப்படித்தான் செய்வாங்க"ன்னுட்டா. செவப்பு ரிப்பன். நீலம்தான் மேல, செவப்பு அடுத்தது, வெள்ளை அதுக்கடுத்தது, ஆனா முதல் ரேங்க் ரெண்டாம் ரேங்க் இல்ல, எத்தனை பேருக்கு வேணா நீலம் கிடைக்கும். அது தெரியாம நான் ஜட்ஜ்கிட்ட போய் நியாயம் கேக்கப் போனேன், மக சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா.

ஆனாலும் சொல்றேன், அந்த ஜட்ஜ் அம்மா முறுக்கு உடையிற சத்தத்தைப் பத்தி அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தாங்க. நம்ம தமிழ் சங்கம்னு ஒண்ணு, ரெண்டரை மணி நேரம் கார் ஓட்டிட்டு கோடைப் பிக்னிக் போனோம், குடும்பத்துக்கு முழுக் காசு வாங்கிட்டு, போறதுக்குள்ள புளியோதரை தீந்து போச்சு, ஒரு பொடிப்பையன் எங்களைப் பாத்து "நீங்க மெம்பரா"ன்னு கேக்குறான். பிள்ளைங்க பாட்டுக்கு பேர் கொடுத்திருந்தோம், ஸ்பான்சர் பேச்சு நீண்டு போச்சுன்னு கட் பண்ணிட்டாங்க. தூரத்துல இருந்து வர்றவங்களுக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கத் தோணாதா? சங்கத்துல இருக்கிறவங்க இதைப் படிச்சா சண்டைக்கு வாங்க, பரவாயில்ல.

எங்க விட்டேன், ஃபேர். பன்றிக்கறி பர்கர் கடைக்கு பக்கத்துல லெமனேடுக்கு நிக்குறேன், பின்னாடி ஒரு பெரியவர், எழுபது இருக்கும், சட்டை பட்டன் வயித்துல தெறிக்கிற மாதிரி. எனக்கு ஆளைத் தெரியும், மீட்டிங்ல காத்தாடி வேணும்னு பேசினவர், அப்பாயின்மென்ட் மாத்தினவர். "ஏம்ப்பா, கல்லு பறந்ததை நீ கண்ணால பாத்தியா"ன்னு கேட்டாரு. நான் அது பழமொழின்னு சொன்னேன். அம்மி எப்படி இருக்கும்னு கையால காமிச்சேன், எவ்வளவு கனம்னு கேட்டாரு, சொன்னேன். அவர் சிரிக்கல. லெமனேடு வாங்குற வரைக்கும் யோசிச்சுட்டே இருந்தாரு, அப்புறம் தோள் குலுங்கக் குலுங்க சிரிச்சு கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

அப்பதான் மீட்டிங்ல சொல்லாம விட்ட மிச்சத்தைச் சொன்னேன், தாத்தா, ரெண்டு ஏக்கர், 15,000. ரூபாயா டாலரான்னு கேட்டாரு. ரூபாய்னதும் அமைதி ஆயிட்டாரு. பழசானா யாரு கழட்டுறதுங்கிறதைப் பத்தியும் சொன்னேன். குத்தகைப் பேப்பர் அவர் பிக்கப்லயே கிடந்துச்சு, போய் எடுத்துட்டு வந்தாரு. ஆட்டுக் கொட்டகை பெஞ்சுல உக்காந்து ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் படிச்சோம், நான் வக்கீல் இல்ல, வக்கீல்கிட்ட காமிங்கன்னு நாலு தடவை சொன்னேன், இதையும் பதிவு பண்ணிக்கிறேன். முன்பணத்தைப் பத்தி பதினோராம் பக்கத்துல ஒரே ஒரு வரி இருந்துச்சு, அதுல பேனாவால வட்டம் போட்டு வச்சாரு.

செப்டம்பர்ல அவர் திரும்ப என் மனைவிகிட்டயே வந்தாராம். சுகர் செக் பண்ண வந்தவர் காத்தைப் பத்தியே பேசிட்டு போனார்னு வந்து சொன்னா. அன்னைக்கு நான் போட்ட காபியைக் குடிச்சா.

நீங்க போற வீடு ஜல்லி ரோட்டுலன்னா இன்னொண்ணு. புழுதி அடங்குறதுக்கு மருந்து தெளிக்க நாமதான் காசு கட்டணும், எங்க கவுண்டியில வசந்தத்துலயே பேர் கொடுக்கணும். ஜூன்ல போனா இந்த வருஷம் முடிஞ்சிருக்கும், துணியை வெளிய காயப் போடாதீங்க.