இரண்டாவது பாட்டு

அன்புள்ள ஐயா,

நான் மேரிலாண்டில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் அனாபொலிஸ் கடற்படை அகாதமியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவர்கள் கூப்பிட்டதால் 2025 டிசம்பரில் பால்டிமோரில் நடந்த ஆர்மி–நேவி ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போனோம். தரைப்படை அகாதமியும் கடற்படை அகாதமியும் வருஷா வருஷம் மோதும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் அது. நேவி 17–16 என்று ஜெயித்தது. அதற்கு முந்தைய ஒரு வாரமாக அந்த வீட்டுக்கே பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. வாசலில் கொடி, கேக்கின் மேல் 'பீட் ஆர்மி', நாய்க்குக்கூட நேவி சட்டை. ஆட்டம் முழுக்க எதிரணியைக் கத்தித் தீர்த்தார்கள். முடிந்ததும் அதே ஆட்கள், தோற்ற அணியின் கல்லூரிப் பாட்டுக்கு அசையாமல் நின்றார்கள். பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து நாங்கள் எழுந்துவிட்டதால், படிக்கட்டில் நின்றுதான் இதைப் பார்த்தோம்.

எனக்கு இது உறுத்துகிறது. மைதானத்தில் இருக்கும் ஒவ்வொருவரும், பார்க்கிற ஒவ்வொருவருக்காகவும் உயிரைக் கொடுக்கத் தயாரானவர்கள் என்று டிவியில் சொல்கிறார்கள். அப்படியானால் அவர்களுக்குள் எதற்கு இந்த வெறி? வெறி நிஜம் என்றால் அந்த மரியாதை பொய்தானே? உத்தரவு போட்டு வரவழைக்கிற மரியாதை, கூலிக்கு மாரடிப்பது போல இல்லையா? ஆட்டத்தின் தரமும் சுமார்தான், பந்தை எறியவே தெரியவில்லை. மொத்தத்தில் இது விளையாட்டா, போருக்கு விளம்பரமா? பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், இதையெல்லாம் பார்த்துவிட்டு அந்த அகாதமிக்கு விண்ணப்பிக்கப்போகிறேன் என்கிறாள். அவளிடம் என்ன சொல்வது?

ம.
மேரிலாண்ட்

அன்புள்ள ம.,

போருக்கு விளம்பரமா என்றால், ஆமாம், விளம்பரம்தான். தலைக்கு மேல் போர் விமானங்களைப் பறக்கவிட்டுத் தொடங்குகிற ஆட்டம் வேறு என்னவாக இருக்கும்? ஆட்டத்தின் தரம் பற்றி: படிப்பு முடிந்ததும் குறைந்தது ஐந்து வருடம் படையில் வேலை பார்க்க வேண்டிய கல்லூரி அது. ஃபுட்பாலே வாழ்க்கை என்றிருக்கிற மலை மலையான பையன்கள் பெரும்பாலும் அங்கே போவதில்லை. இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு, பந்தை எறியாமல், அது யார் கையில் இருக்கிறது என்று கடைசி நொடிவரை எதிராளியை ஏமாற்றி ஓடுகிற பழைய ஆட்டமுறையை வருஷக்கணக்காக வளர்த்து வைத்திருக்கிறார்கள். எறியத் தெரியாமல் இல்லை. பழகிப் பார்த்தால் ருசி தெரியும், உங்களுக்குப் பொறுமை இருந்தால்.

அந்த உயிர் கொடுக்கிற வசனத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வருஷா வருஷம் டிவியில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இருபது வயதுப் பையன் யாருக்காகவும் சாகத் தயாராக இருப்பதில்லை. திங்கட்கிழமைப் பரீட்சையையும் கிறிஸ்துமஸ் லீவையும் நினைத்துக்கொண்டிருப்பான். சாவு அவனைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. 1890 நவம்பரில், ஆர்மியின் அகாதமி இருக்கிற வெஸ்ட் பாயிண்டில் நடந்த முதல் ஆட்டத்துக்கு ஆர்மி அணியைச் சேர்த்துக் களமிறக்கியவர் டென்னிஸ் மைக்கி என்கிற கேடட், அதாவது அங்கே படித்த மாணவர். நேவியிடம் 24–0 என்று தோற்றார்கள். எட்டு வருஷம் கழித்து அவர் கியூபாவில் குண்டடிபட்டு இறந்தார். வெஸ்ட் பாயிண்ட் மைதானத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். 1955இல் ஆர்மிக்கு குவார்ட்டர்பேக்காக (பந்தை முதலில் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) ஆடி நேவியை 14–6 என்று ஜெயித்த டான் ஹாலிடர், 1967 அக்டோபரில் வியட்நாமில், அடிபட்டுக் கிடந்தவர்களை நோக்கி ஓடும்போது சுடப்பட்டார். இவர்கள் ஆடிய நாட்களில் யாரும் மைக்கில் இந்த வசனத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது இதெல்லாம் இல்லை. 'பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து' என்ற அந்த வரி. அதே தப்பை நானும் செய்தவன்.

2017 டிசம்பரில் பிலடெல்பியாவில் இந்த ஆட்டத்தைப் பார்த்தேன். நியூஜெர்சியில் இருக்கும் அக்கா மகனுக்கு அலுவலகத்தில் யார் மூலமாகவோ டிக்கெட் கிடைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனான். நேவி பக்கத்து இருக்கைகள். காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆர்மிக்காரர்கள் அன்றைக்கு அவர்களுடைய மலைப்படைப் பிரிவின் நினைவாகத் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்தியிருந்தார்கள். பனியில் பாதி நேரம் ஆளே தெரியவில்லை, யாரோ பேய் அடித்ததுபோல நேவி பையன்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். பந்தை எறிந்த தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். (உங்களுக்குப் பிடித்திருக்காது.)

என் பக்கத்து இருக்கையில் ஒரு கிழவர். எழுபதைத் தாண்டியவர், கையில் அகாதமி மோதிரம், மடியில் தெர்மோஸ். ஹாஃப் டைமில் எனக்கும் ஒரு மூடி கோகோ ஊற்றிக் கொடுத்தார். 1963 ஆட்டத்தை மாணவராக இதே ஊரில் பார்த்தவராம். கென்னடி கொல்லப்பட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. கென்னடி நேவிக்காரர் வேறு. ஆட்டத்தை ரத்து செய்வதாக இருந்து, அவர் குடும்பமே நடக்கட்டும் என்று சொன்னதால் டிசம்பர் 7 அன்று நடத்தினார்கள். "காலையில் சவ ஊர்வலம் மாதிரிதான் உள்ளே போனோம்" என்றார் கிழவர். கடைசி நிமிடத்தில் நேவி 21–15 என்று முன்னால் இருக்கிறது, ஆர்மி, புள்ளி எடுப்பதற்குத் தாண்ட வேண்டிய கோட்டுக்கு இரண்டு யார்டு தள்ளி நிற்கிறது. நேவி தரப்பு போட்ட கூச்சலில் ஆர்மி குவார்ட்டர்பேக்கின் குரல் அவருடைய ஆட்களுக்கே கேட்கவில்லை. நடுவரிடம் முறையிட்டுப் பார்த்தார். அடுத்த முயற்சியைத் தொடங்குவதற்குள் நேரம் ஓடிவிட்டது. "நாங்கள் கத்தியே ஜெயித்தோம்" என்றபோது அந்த முகத்தில் வெட்கம் துளியும் இல்லை. துக்கம் எங்கே போயிற்று என்று கேட்டேன். அது பாட்டுக்கு இருந்தது, இது பாட்டுக்குக் கத்தினோம் என்றார்.

2017 ஆட்டம் கடைசி நொடிக்கு வந்தது. ஆர்மி 14, நேவி 13. நாற்பத்தெட்டு யார்டு தூரத்திலிருந்து நேவி பையன் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் வெற்றி. பந்து வைக்கிற இடத்தில் பனியைக் காலால் ஒதுக்கினார்கள். உதைத்தான். பனிக்குள் பந்து எங்கே போகிறதென்றே எனக்குத் தெரியவில்லை. கிழவர் 'ஹ்ம்' என்று ஒரு சத்தம் கொடுத்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். இடது கம்பத்துக்கு வெளியே, மயிரிழையில்.

அப்புறம் நீங்கள் பார்த்ததுதான். இரண்டு அணியும் சேர்ந்து முதலில் தோற்றவர்கள் பக்கம் வந்து நிற்கும், அவர்கள் பாட்டு பாடப்படும். பிறகு இரண்டு அணியும் ஜெயித்தவர்கள் பக்கம் போகும். 'இரண்டாவதாகப் பாடு' என்றால் அவர்கள் பாஷையில் 'ஜெயித்துவிட்டு வா' என்று அர்த்தம். நேவி பாட்டைக் கிழவர் கரகரத்த குரலில் பாடி முடித்தார். நம் பக்கத்துப் பாட்டு முடிந்துவிட்டதே, கிளம்பலாம் என்று நான் எழுந்து பையைத் தோளில் மாட்டினேன். அக்கா மகன் ஏற்கெனவே கார் சாவியைக் கையில் எடுத்திருந்தான். கிழவர் என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னும் முடியவில்லை."

தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் பாடுகிற பாட்டுக்கு நின்றார். வழுக்கைத் தலையில் பனி விழுந்தது. முதலில் கரைந்தது, பிறகு கரையாமல் தங்கியது. புருவத்திலும் ஏறியது. பாட்டு முடிகிறவரை அவர் கை அதைத் துடைக்கப் போகவில்லை.

இப்போது உங்கள் 'கூலிக்கு மாரடிப்பது'க்கு வருகிறேன். இந்தச் சொல்லை இவ்வளவு சுலபமாக எறிந்திருக்கிறீர்களே, கூலிக்கு மாரடிப்பவளை எப்போதாவது பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? என் அப்பத்தா செத்த அன்று ஒப்பாரிக்கு ஒரு கிழவியைக் கூட்டிவந்தார்கள். அவளுக்கும் அப்பத்தாவுக்கும் ஒரு ஒட்டும் இல்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு உட்கார்ந்து முதல் வரியை எடுத்தாள். அதுவரை கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த என் அத்தைகள் அப்போதுதான் அழுதார்கள். சொந்தத் துக்கத்துக்கு வாசலைத் திறந்துவிட, கூலி வாங்கியவள் ஒருத்தி தேவைப்பட்டது. அவள் அழுதது பொய் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. வெளியூரில் படித்துவிட்டு வந்த நான்தான் சொன்னேன். அதற்கு சின்ன அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எல்லாம் 'மனசிலிருந்து வரணும்' என்கிற வியாதி நம் படித்தவர்களுக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. வணக்கம் சொல்வதற்கு முன்னால் மனதில் பக்தி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பீர்களா? மனசிலிருந்து வருவதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதும் இந்த ஆட்டத்திலேயே நடந்திருக்கிறது. 1893இல் ஒரு ரியர் அட்மிரலும் ஒரு பிரிகேடியர் ஜெனரலும், வயதான மனிதர்கள், ஆட்டத்தைப் பற்றி வாய்த்தகராறு முற்றி ஒருவரையொருவர் துவந்த யுத்தத்துக்கே கூப்பிட்டுவிட்டார்கள் என்று கதை. அவர்கள் உணர்ச்சி நூற்றுக்கு நூறு உண்மை, உங்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். விளைவு, அடுத்த ஐந்து வருஷம் இந்த இரண்டு அணிகளும் மோதவே இல்லை. 1899இல் பிலடெல்பியாவில்தான் மறுபடி தொடங்கியது.

1942ஐப் பாருங்கள். உலகப் போர். பயணக் கட்டுப்பாடு. ஆட்டம் அனாபொலிஸில். சுற்றி பத்து மைலுக்குள் இருப்பவர்களுக்குத்தான் டிக்கெட். வெஸ்ட் பாயிண்ட் அணி மட்டும் வந்தது, கத்துவதற்குக் கேடட்டுகள் வர முடியவில்லை. கத்த ஆளில்லாமல் ஒரு அணி ஆடுவதா? நேவி மாணவர்களில் கீழ் இரண்டு வகுப்பினருக்கு உத்தரவு போனது: நீங்கள் இன்று ஆர்மி. எதிரியின் கோஷங்களையும் பாட்டுகளையும் கற்றுக்கொண்டு, எதிரியின் பக்கம் உட்கார்ந்து, தங்கள் சொந்த அணி தோற்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள் அந்தப் பையன்கள். நேவி 14–0 என்று ஜெயித்தது. உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள், சந்தேகமே இல்லை. அடுத்த வருஷம் ஆட்டம் வெஸ்ட் பாயிண்டில், அங்கே கேடட்டுகளில் ஒரு பகுதி நேவிக்காகக் கத்தினார்கள். நேவி மறுபடியும் ஜெயித்தது, 13–0. பாவம், இந்தத் தடவை சிரிக்கவும் முடியாது.

இது போலியா, ம.? உத்தரவுதான், நடிப்புதான். ஆனால் அன்றைக்கு ஆடவந்த ஆர்மி பையன்களின் காதில் விழுந்த சத்தம் நிஜம். கத்துகிறவன் மனசுக்குள் என்ன வைத்திருந்தான் என்பதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்ய? இப்போதும் ஒவ்வொரு வருஷமும் சில மாணவர்கள் ஒரு பருவம் முழுக்க எதிரியின் அகாதமியில் போய்ப் படிக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன்னால் அவர்களைக் 'கைதிப் பரிமாற்றம்' என்று மைதானத்தில் வைத்து மாற்றிக்கொள்வார்கள். நீங்கள் நேரத்தோடு போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். வெறியும் ஒன்றும் குறையவில்லை. எதிரியின் அடையாள விலங்கைத் திருடக் கூடாது என்று இரண்டு அகாதமிகளும் ஒப்பந்தமே போட்டிருக்க, 2021இல் வெஸ்ட் பாயிண்ட் பையன்கள் ராத்திரியில் போய் நேவியின் அடையாளமான வெள்ளாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விடிந்து பார்த்தால் தப்பான ஆடு. ஓய்வுபெற்ற, ஒற்றைக்கொம்புக் கிழட்டு ஆடு. நாளைக்கு நாட்டைக் காக்கப்போகிறவர்கள்!

பிலடெல்பியாவில் பாட்டு முடிந்ததும் கிழவர் தலையைத் துடைத்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். நானும் உங்களைப் போலத்தான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவர்கள் பாட்டுக்கு நின்றபோது மனதில் என்ன ஓடியது என்று. ஏதாவது பெரிதாகச் சொல்வார், எழுதிக்கொள்ளலாம் என்ற ஆசை. கிழவர் யோசித்துவிட்டு, "அந்தப் பையன் ஒரு அடி வலது பக்கமாகக் குறி வைத்திருக்கலாம்" என்றார். தெர்மோஸில் மிச்சம் இருந்ததைப் பனியில் கொட்டிவிட்டு, என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பார்க்கிங்கிலிருந்து வெளியே வர எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அக்கா மகன் வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

உங்கள் மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், சொல்ல மறந்தே போனேன். அது உங்கள் வீட்டு விஷயம், பதினேழு வயதுப் பெண்ணுக்கு நான் இங்கிருந்து ஜாதகம் பார்க்க முடியாது. ஆனால் நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்தப் பாட்டு ஓடும்போது நீங்கள் படிக்கட்டில் நின்றீர்கள், சரி. அவள் எங்கே நின்றாள்?