பஃப் கை ரவிக்கையும் கைலி கவுனும்: தையல் கேள்வி பதில்

கேள்வி: 1950களில் எடுத்த புகைப்படம் ஒன்றில் என் பாட்டி பஃப் கை வைத்த பருத்தி ரவிக்கை அணிந்திருக்கிறார். அந்தப் படத்தைக் காட்டித் தைக்கக் கொடுத்தேன். வந்த ரவிக்கையில் கை பக்கவாட்டில் தொங்குகிறதே தவிர, படத்தில் உள்ளதுபோல் மேலே எழும்பி நிற்கவில்லை. நானே தைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எதில் கவனம் வைக்க வேண்டும்?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பழைய ரவிக்கையின் அழகு அதன் வெட்டில்தான் இருக்கிறது, லேஸ், பொத்தான், பைப்பிங் எல்லாம் அதற்குப் பிறகுதான். பாட்டியின் படத்தை மறுபடியும் உற்றுப் பாருங்கள். அக்காலத்து பஃப் கை ரவிக்கைகளில் தோள் தையல் தோள் எலும்பின் நுனிக்குச் சற்று உள்ளேயே முடிந்துவிடும். கைக்குழியும் அக்குளை ஒட்டி மேலேயே இருக்கும். இன்று நாம் அளவுக்குக் கொடுக்கும் ரவிக்கைகளில் தோள் அகலமாகவும் கைக்குழி இறக்கமாகவும் இருப்பதால், அதே அளவில் பஃப் கையை வைத்தால், அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பாமல் தோளைத் தாண்டிக் கீழே சரிகிறது. ஆகவே முதலில் தோளை அரை அங்குலம் உள்ளே எடுத்து, கைக்குழியை உங்கள் கை தாராளமாக அசையும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கை. அகலத்தைக் கூட்டினாலே பஃப் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உயரத்தையும் கூட்டினால்தான் அது நிற்கும். சாதாரணக் கையின் பேப்பர் கட்டிங்கை (தாளில் வெட்டிய மாதிரியை) மேலிருந்து கீழாக நான்கைந்து துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை முதல் முக்கால் அங்குலம் இடைவெளி விட்டு வேறொரு தாளில் ஒட்டுங்கள். பிறகு கையின் உச்சியில் மட்டும் ஓர் அங்குலம் உயர்த்தி, மேல் வளைவைப் புதிதாக வரையுங்கள். சுருக்கத்தைக் கைக்குழி முழுவதும் பரவ விடாமல், தோள் தையலுக்கு முன்னும் பின்னும் இரண்டு, இரண்டரை அங்குலத்துக்குள் அடக்க வேண்டும். தையலின் நீளத்தை 4 மி.மீ. அளவில் வைத்து, கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டி, பாபின் நூல்களை (அடி நூல்களை) மட்டும் பிடித்து இழுத்தால் சுருக்கம் சீராக விழும். ஒற்றை வரிசையில் இழுத்தால் மடிப்புகள் புரண்டுகொள்ளும்.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலியஸ்டர் கலந்த வழுவழுப்பான துணியில் இந்தக் கை வராது. கஞ்சியை ஏற்றுக்கொண்டு விறைக்கக்கூடிய கேம்பிரிக் அல்லது பாப்ளின் பருத்தித் துணி வாங்கி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, உலர்த்தித் தேய்த்த பிறகே வெட்டுங்கள். சுத்தப் பருத்தி, மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து செ.மீ. வரை சுருங்கக்கூடும். கையின் உட்புறம் சுருக்கத்துக்கு அடியில், இரண்டு அங்குல அகலத்தில் ஆர்கண்டி (மெல்லிய, விறைப்பான துணி) துண்டு ஒன்றை மடித்துச் சேர்த்துத் தைத்தால், கஞ்சி குறைந்த நாளிலும் கை விழாது. ஓரங்களை ஓவர்லாக் செய்யாமல் பிரெஞ்சுத் தையலில் முடியுங்கள்: துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு துண்டுகளையும் சேர்த்து முதலில் ஒரு தையல், ஓரத்தை நறுக்கிவிட்டு, உட்புறமாகத் திருப்பி இரண்டாவது தையல். பிசிறு முழுவதும் உள்ளே அடங்கிவிடும். உள்ளே திருப்பிப் பார்த்தாலும் ரவிக்கை அழகாக இருக்கும். நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன், காடாத் துணியில் ஒரு பக்கக் கையும் தோளும் மட்டும் தைத்து அணிந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அம்மா வைத்திருந்த பழைய சிங்கர் கால் மிஷின் பல ஆண்டுகளாக மூலையில் கிடக்கிறது. கடற்காற்றில் துருவேறி, சக்கரம் சுற்ற மறுக்கிறது. இதைச் சரிசெய்வதா, மோட்டார் வைத்த ஜிக்ஜாக் இயந்திரம் வாங்குவதா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சக்கரம் இறுகுவதற்குப் பெரும்பாலும் துருவைவிட, உள்ளே காய்ந்து பிசினாகிவிட்ட பழைய எண்ணெய்தான் காரணம். எண்ணெய் விடும் துளைகள் ஒவ்வொன்றிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, சக்கரத்தை வலிந்து சுற்றாமல் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். இளகிய பின் அழுக்கைத் துடைத்தெடுத்துவிட்டு, தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதுவும் நாளடைவில் பிசினாகிவிடும். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் சிறிது வெட்டிவிட்டு மறுபடி இணைத்துக்கொள்ளலாம். அடி நூலைத் தாங்கும் ஷட்டில் நீண்ட படகு வடிவில் உள்ள மிகப் பழைய வகையாக இருந்தால் மட்டும், ஊசி வாங்குமுன் பழைய ஊசியையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்; எல்லா ஊசியும் அதற்குப் பொருந்தாது. நேர்த் தையல் மட்டுமே போடும் இயந்திரம் என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். பழைய பாணி உடைகள் அந்த நேர்த் தையலிலேயே உருவானவை.

கேள்வி: அலுவலகம், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், சமையல் என்று நாள் போய்விடுகிறது. வெட்டி வைத்த கவுன் மாதக்கணக்கில் பையிலேயே கிடக்கிறது. எப்படித் தொடர்வது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: எல்லா வேலைக்கும் ஒரே வகையான நேரம் தேவையில்லை. அளவெடுத்து வெட்டுவதற்கு மட்டுமே இடையூறில்லாத ஒரு காலைப் பொழுது வேண்டும்; அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத் தையலை இருபது நிமிடம், அரை மணி என்று பிரித்துக்கொள்ளலாம். எம்மிங், கொக்கி, காஜா போன்ற கைவேலைகளைப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது அருகில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். எழுந்திருக்கும் முன், அடுத்து எதைத் தைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதித் துணியோடு வைத்துவிடுங்கள். மறுபடி எடுக்கும்போது எங்கே விட்டோம் என்று தேடியே பாதி நேரம் போகாது. குண்டூசி குத்திய துணியை நாள்கணக்கில் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஊசி துருப்பிடித்துத் துணியில் கறை விழும். நீளமான ஓட்டுத் தையல் போட்டு வைப்பதே நல்லது. இன்னொன்றையும் உரிமையோடு சொல்கிறேன். இயந்திரத்தின் சத்தம் கேட்டதுமே புடவைக்கு ஃபால்ஸ் அடித்துத் தரச்சொல்லி அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அதற்கு இசைந்துவிட்டால் உங்கள் கவுனுக்கென்று இருக்கும் அந்தக் கொஞ்ச நேரமும் போய்விடும். முடியாது என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 1950களின் வட்டப் பாவாடை வைத்த கவுனைக் குறிஞ்சிப்பாடி கைலித் துணியில் தைக்க ஆசை. இடுப்பளவு 28 அங்குலம். துணி போதுமா, சாயம் போகுமா?
– கல்லூரி மாணவி, புதுச்சேரி

பதில்: நல்ல தேர்வு. 1947இல் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் அறிமுகப்படுத்திய ஒடுங்கிய இடுப்பும் அகன்ற பாவாடையும்தான் அடுத்த பத்தாண்டு முழுவதும் உலகெங்கும் பரவின. நம் கட்டம் போட்ட கைத்தறிக்கு அந்த வடிவம் மிகவும் பொருந்தும். கடல் கடந்த உடைகளில் நம் பகுதித் துணி இடம்பெறுவது புதிதன்று. புதுச்சேரியின் நீலச் சாயத் துணி பிரெஞ்சுக் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை விற்பனையானது.

கணக்கு இதுதான்: 28ஐ 6.28ஆல் (3.14இன் இரு மடங்கு) வகுத்தால், இடுப்பு வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய நாலரை அங்குலம். பாவாடையின் நீளம் 26 அங்குலம், மடிப்புக்கு ஒன்று, மொத்தம் முப்பத்தொன்றரை. ஒரே வடிவத்தில் இரண்டு மீட்டர் கைலிகள் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஓர் அரைவட்டம் வெட்டுங்கள். நேர் ஓரங்களில் தையலுக்கு அரை அங்குலம் கூடுதலாக விடுங்கள். மிஞ்சும் பட்டைகளில் மேல்பாகம் வந்துவிடும். இரண்டு அரைவட்டங்களையும் ஒரே கட்டத்தில் தொடங்கி வெட்டினால்தான் பக்கத் தையலில் கோடுகள் ஒன்று சேரும். சாயத்தைப் பொறுத்தவரை, கல் உப்பு நீரில் நனைத்தால் நிரந்தரமாக நிற்கும் என்பதை நம்ப வேண்டாம்; தண்ணீர் தெளிவாக வரும்வரை தனியே அலசிய பிறகே வெட்டுங்கள். தைத்து முடித்ததும் உடனே கீழ்ஓரம் அடிக்காமல், இடுப்பைப் பிடித்து ஒரு நாள் முழுவதும் தொங்கவிடுங்கள். இழை சாய்வாக விழும் இடங்கள் மட்டும் இறங்கி வரும். அவற்றைத் தரையிலிருந்து அளந்து சமப்படுத்திவிட்டு ஓரம் அடிக்கலாம்.