முகாம் கலைந்த பிறகு: கேள்வி பதில்

இளைஞர் சுற்றுச்சூழல் முகாம்களைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் வழிகாட்டி ஒருவர், வீடு திரும்பிய இளைஞர்களும் ஒரு தாயும் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, பத்து நாள் பழகியவர்கள் எட்டு ஆண்டுப் பள்ளித் தோழிகளைவிட நெருக்கமாகிவிட்டார்கள். இது உண்மையான நட்பா, காட்டுக்குள் இருந்த மயக்கமா?

பதில்: நாளை எண்ணாதே, மணியை எண்ணு. அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் ஆராய்ந்து 2018இல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல் ஆகுமாம். முகாமில் விழித்திருக்கும் நேரமெல்லாம் சேர்ந்தே இருந்தீர்கள். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் என்றால் பத்து நாளில் 150. வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டும் சந்திக்கும் ஒருவருடன் அவ்வளவு நேரம் சேர ஓராண்டு பிடிக்கும். எனவே மயக்கம் என்று தள்ளிவிடாதே.

ஆனாலும் ஒன்று. மழையில் நனைந்து களைத்திருக்கும்போது அவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று உனக்குத் தெரியும். தேர்வுக்கு முதல் நாளோ, வீட்டில் சண்டை நடந்த இரவிலோ எப்படி இருப்பார்கள் என்று தெரியாது. பள்ளித் தோழிகளிடம் உனக்குத் தெரிந்தது அதுதான். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம்.

கேள்வி: “நீ மாறிவிட்டாய்” என்று பழைய நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: “எங்கள் முகாமில்” என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறாய்? அதைக் கொஞ்சம் குறை. நீ இல்லாத நாள்களில் அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டாயா?

கேள்வி: என் மகள் திரும்பி வந்து நான்கு நாளாகிறது. அறையைவிட்டு வருவதில்லை, அடிக்கடி அழுகிறாள். வீடே பிடிக்காமல் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. வெளிநாட்டில் தங்கிப் படித்துவிட்டுத் திரும்பியவர்களைப் பற்றி ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் 1963லேயே எழுதியிருக்கிறார்கள். போன இடத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு முறை தடுமாறுபவர்கள், வீடு திரும்பியதும் இன்னொரு முறை தடுமாறுகிறார்கள். புதிய இடத்துக்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு போகிறோம். சொந்த வீட்டுக்கு யார் தயாராகி வருகிறார்கள்? தூக்கக் கடன் வேறு சேர்ந்திருக்கும். முதலில் நன்றாகத் தூங்கட்டும்.

“முகாம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நன்றாக இருந்தது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். புகைப்படம் ஒன்றைக் காட்டி “இது யார், இங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று கேளுங்கள். “எல்லாம் சரியாகிவிடும்” என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைகளின் காதில் அது “போதும், நிறுத்து” என்றுதான் விழும். இரண்டு வாரம் கடந்தும் தூக்கமும் பசியும் திரும்பாமல், எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

கேள்வி: கடைசி இரவு, யாரிடமும் சொல்லாததை ஒருவனிடம் சொல்லிவிட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

பதில்: அவனும் ஏதாவது சொல்லியிருப்பான், அவனுக்கும் அதே வெட்கம் இருக்கலாம். “அதை நமக்குள்ளேயே வைத்துக்கொள்வோம்” என்று ஒரு வரி அனுப்பிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடு.

கேள்வி: வீட்டில் குப்பையைப் பிரிக்கச் சொன்னால் எல்லோரும் எரிந்துவிழுகிறார்கள்.

பதில்: விழாமல் என்ன செய்வார்கள்? பத்து நாளில் நீ கற்றதை ஒரே மாலையில் அவர்கள் தலையில் இறக்குகிறாய். சமையலறைக் கழிவை மட்டும் நீயே பொறுப்பெடுத்து உரமாக்கு. ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை போடு. நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, காற்றுப் போகவில்லை என்று பொருள்; இன்னும் இலை சேர்த்துக் கிளறிவிடு. நாற்றமில்லாத தொட்டியோடு யாரும் சண்டை போடுவதில்லை.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் முதல் வாரம் செய்திகள் குவிந்தன. இப்போது நான் மட்டும் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதில்: நலம் விசாரிப்பதை நிறுத்து, வேலை கொடு. 1954இல் உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரு அணிகளாக்கி மோதவிட்டார். (இன்று அப்படியொரு சோதனைக்கு அனுமதி கேட்டால் துரத்திவிடுவார்கள்.) பிறகு ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாலும் பகை குறையவில்லை. தண்ணீர்க் குழாய் அடைபட்டு, எல்லோரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டி வந்தது. அதுபோன்ற வேலைகள்தான் அவர்களை நெருங்கவைத்தன. உங்களையும் பிணைத்தது வேலைதானே? கரையில் பிளாஸ்டிக் பொறுக்கியபோது வந்த பேச்சு, வெறும் கைபேசித் திரையைப் பார்த்தால் எப்படி வரும்?

ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள் உலகெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளை இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். ஒரே காலை, அவரவர் ஊரில் எல்லோரும் எண்ணுங்கள். அடையாளம் தெரியாத பறவையைக் குழுவில் போட்டுப் பார், சண்டையே நடக்கும். பிப்ரவரிவரை காத்திருக்க முடியாதென்றால், வீட்டருகே உள்ள ஒரு மரத்தை ஆளுக்கொன்றாகத் தேர்ந்து, மாதம் ஒரு படம் அனுப்புங்கள். சிலர் விலகிப் போவார்கள். மூன்று நான்கு பேர் தொடர்ந்தாலே நிறைவான குழு.

கேள்வி: மீண்டும் சந்திக்க எல்லோருக்கும் ஒத்துவரும் தேதி அமையவே இல்லை.

பதில்: அமையாது. ஒரு தேதியை நீயே சொல்லிவிடு; வர முடிந்தவர்கள் வரட்டும். ரயிலில் போக முடிகிற இடமாகப் பார்.