பிள்ளைக்கு முதல் கிட்டார்: அண்ணாச்சியிடம் கேட்டவை

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, மகளுக்கு 7 வயசு. கடையில 38 இஞ்ச் கிட்டார்தான் பிள்ளைகளுக்குன்னு சொல்லுதாங்க. எடுக்கலாமா?

எடுக்காதீங்க. 38 இஞ்ச் என்பது தலையிலிருந்து அடிவரை மொத்த நீளம். நீங்கள் பார்க்க வேண்டியது நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி படியும் சின்னப் பட்டை) சேடில் வரை (உடலில் கம்பி ஏறி நிற்கும் பட்டை) கம்பி ஓடும் நீளம். முழு அளவு கிளாசிக்கல் கிட்டாரில் (நைலான் கம்பி போட்டது) அது 65 செ.மீ., முக்கால் அளவில் 58 பக்கம், அரை அளவில் 53 பக்கம். 38 இஞ்ச் கிட்டாரில் அது பெரும்பாலும் 60 செ.மீ.யைத் தாண்டும். 7 வயசுக்கு அரை அளவு நைலான் கிட்டார் போதும்.

மகளையும் கூட்டிக்கொண்டு போங்க. நாற்காலியில் உட்காரவைத்து மடியில் கொடுங்க. வலது தோள் தூக்கிக்கொண்டால் உடல் பெரிசு. முதல் ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு, தலைப்பக்கமிருந்து எண்ணணும்) தொட இடது முழங்கை முழுக்க நீண்டால் கழுத்து நீளம்.

பிறகு பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து 12-வது ஃப்ரெட்டுக்கும் தடித்த கம்பிக்கும் நடுவே இடைவெளி பாருங்க. நைலான் கம்பிக்கு 4 மி.மீ.க்கு மேல் வேண்டாம். 5, 6 இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் விரல் அமுங்காது, ஒரே மாசத்தில் கிட்டார் பீரோ மேல் ஏறிவிடும். கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டுங்க, ஃப்ரெட் முனை கீறக் கூடாது. கடைசியாக, 12-வது ஃப்ரெட்டின் நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு ஒரு தடவை மீட்டுங்க, அழுத்தி ஒரு தடவை. ஃபோன் ட்யூனரில் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வராத கிட்டாரை எப்படி ட்யூன் பண்ணினாலும் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி விலகும்.

வள்ளியூர்: பையனுக்கு 8. வளருத பிள்ளைதான, முழு சைஸே வாங்கிட்டா?

செருப்பை அப்படி வாங்குவீங்களா? முக்கால் அளவு. சின்ன கை என்றால் அரை.

தென்காசி: எல்லாரையும் நைலானுக்கே தள்ளுதீங்க. ஸ்டீல்ல பழகினாத்தான வே விரல் காய்க்கும்?

நைலானிலும் காய்க்கும், நாள் கொஞ்சம் கூடும். நைலான் செட் மொத்தமாகச் சுமார் 40 கிலோ இழுக்கும், ஸ்டீல் 70 பக்கம். அந்த வித்தியாசம் ஏழு வயசு விரல் நுனியில்தான் விடியும்.

தென்காசி: அப்போ கழுத்து அகலம்? நைலான்ல 52 மி.மீ., ஸ்டீல்ல 43. சின்ன கைக்கு எது சுகம்?

நியாயமான பாயிண்ட். ஆனால் 52 முழு அளவின் கணக்கு, சின்ன அளவுகளில் அகலமும் குறையும். அதோடு கம்பிகள் தள்ளித்தள்ளி இருந்தால் பக்கத்துக் கம்பியில் விரல் இடிக்காது. ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: பிள்ளைக்கு 10 வயசு, வாத்தியார் முதல் நாளே சர்ச் பாட்டுக்குக் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) சொல்லிக்கொடுப்பவர் என்றால், முக்கால் அளவு ஸ்டீலில் 10-ம் நம்பர் மெல்லிய கம்பி போட்டுக் கொடுக்கலாம். எந்தக் கம்பி என்று வாத்தியாரிடம் கேட்டுவிட்டே கடைக்குப் போங்க.

அம்பாசமுத்திரம்: வீட்டுல பழைய நைலான் கிட்டார் கிடக்கு. ஸ்டீல் கம்பி மாட்டலாமா?

கூடாது. மேலே சொன்ன 40, 70 கணக்குதான். பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைக் கட்டும் கட்டை) பெயரும், கழுத்து வளையும்.

திசையன்விளை: 9 வயசு, எது வாங்க?

வள்ளியூருக்குச் சொன்ன பதில்.

உவரி: கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கு.

கடல் காற்று. வாசித்ததும் காய்ந்த துணியால் துடைத்து உறையில் வையுங்க. நைலான் செட்டிலும் தடித்த மூன்று கம்பிகளுக்கு மேலே உலோகச் சுற்று உண்டு, அதுவும் கறுக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் கிட்டாரை விடாதீங்க, பசை இளகும்.

சங்கரன்கோவில்: வயலின் எந்த சைஸ்?

அதை வயலின் வாத்தியாரிடம் கேளுங்க.

நாங்குநேரி: 8 வயசுக்கு 38 இஞ்ச்...

வேண்டாம் என்றேன்லா!

டவுன்: புது நைலான் கிட்டார், தினமும் சுருதி இறங்குது. திருப்பிக் கொடுக்கவா?

புது நைலான் இழுபடும், ஒரு வாரம் பத்து நாள் அப்படித்தான். ஒவ்வொரு கம்பியையும் நடுவில் லேசாக இழுத்துவிட்டு மறுபடி ட்யூன் பண்ணுங்க. அதற்குப் பிறகும் ஒரே கம்பி மட்டும் இறங்கினால், பிரிட்ஜில் அதன் முடிச்சு நழுவுகிறதா, தலையில் அந்தக் கம்பியை முறுக்கும் திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்க.